நோயை எண்ணால் அளந்த அறிஞர்: ஜே. பி. எஸ். ஹால்டேன்

நுழையும்முன்

உயிரினங்களின் பகை எது என்று கேட்டால் புலியும் பாம்பும் கழுகுமே நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரியே அவற்றினும் பெரிய பகை. அப்பகையோடு தலைமுறை தலைமுறையாகப் பொருதியே உயிரினங்கள் இன்றைய இயல்பினை அடைந்துள்ளன. இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையையும் அவர் கண்ட உண்மையையும் நம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று எண்ணிப் பார்ப்பதே இப்பாடம்.

ஏரியும் குளமும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் இந்த ஏரி பரந்து கிடக்கிறது. ஆரணி, காளங்கி முதலிய ஆறுகள் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இரு நீரும் கலக்குமிடத்தில் மீனும் நண்டும் இறாலும் செழிக்கின்றன. பாடு என்னும் முறைப்படி இடத்தையும் நாளையும் பகிர்ந்துகொண்டு வலையிடும் மீனவர் குப்பங்களும், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் குடும்பங்களும் இந்த ஏரியை நம்பியே வாழ்கின்றன.

இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் இளம் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் இனம்பெருக்கக் கடலுக்கே திரும்புகின்றன. 1990களின் தொடக்கத்தில் இந்த இயற்கைச் சுழற்சிக்கு வெளியே வேறொரு முறை கிழக்குக் கடற்கரை நெடுகிலும் பரவியது. நிலத்தைக் குளமாக வெட்டி, பொரிப்பகத்தில் வாங்கிய புலி இறால் குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, தீவனமிட்டு வளர்க்கும் இறால் பண்ணையே அது. ஏற்றுமதி பெருகியது, ஆதாயமும் மிகுந்தது. ஆனால், 1994ஆம் ஆண்டையொட்டி வெண்புள்ளி நோய் இந்தியப் பண்ணைகளைத் தாக்கியது. இறாலின் ஓட்டில் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றும். இரை உண்பது நின்றுவிடும். மூன்று நாள் முதல் பத்து நாளுக்குள் ஒரு குளத்து இறால் முழுவதும் மடிந்துவிடக்கூடும். கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் கரையில் நின்று கலங்கினர்.

இந்நோயை உண்டாக்கும் வைரசு பண்ணைகளில் மட்டும் இருக்கவில்லை. கடலிலும் கழிமுகங்களிலும் வாழும் நண்டுகளும் இறால்களும் அதனைத் தம் உடலில் தாங்கியிருப்பதை ஆய்வாளர் கண்டனர். எனினும், அவை குளத்து இறாலைப்போலக் கூண்டோடு அழிந்துவிடவில்லை. ஒரே வைரசு ஓரிடத்தில் அனைத்தையும் கொல்வதும் மற்றோரிடத்தில் தங்கி மட்டும் இருப்பதும் எதனால்? குளத்தின் நெருக்கம் ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதற்கான விடையின் அடித்தளத்தை, இந்நோய் தோன்றுவதற்கு ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு முன்பே ஹால்டேன் இட்டிருந்தார்.

தந்தை கற்பித்த பாடம்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். சுரங்கத் தொழிலாளர் எவ்வகைக் காற்றால் உயிரிழக்கின்றனர் என்பதை ஆராய்வதே அவர்தம் பணி. அவர் ஆய்வுக்கூடத்தில் மட்டும் அமர்ந்திருக்கவில்லை; சுரங்கங்களுக்குள் இறங்கி, நச்சுக்காற்றைத் தாமே சுவாசித்துப் பார்த்தார். மகனையும் உடன் அழைத்துச் சென்றார். ஒருமுறை சுரங்கத்தில் மகனை எழுந்து நிற்கச் சொல்லி, மனப்பாடமாக அறிந்த நாடக உரையொன்றை ஒப்பிக்கச் செய்தார். சில அடிகளுக்குள் சிறுவன் மூச்சுத் திணறித் தரையில் சாய்ந்தான். தரையருகே மூச்சு எளிதாயிற்று. மீத்தேன் காற்றினும் இலேசானது, ஆதலால் அது கூரையை ஒட்டித் தங்கும் என்னும் பாடத்தை அவன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

எட்டு வயதில் தந்தையோடு சென்று, மெண்டலின் மரபுவிதிகள் குறித்த சொற்பொழிவு ஒன்றைக் கேட்டார். மெண்டலின் ஆய்வு உலகின் கவனத்திற்கு மீண்டும் வந்து அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. பின்னர், தங்கை நவோமி வீட்டில் வளர்த்த கினிப்பன்றிகளின் நிறம் தலைமுறைகளில் எவ்வாறு இறங்குகிறது என்பதை அண்ணனும் தங்கையும் சேர்ந்து குறித்துவைத்தனர். விளையாட்டாகத் தொடங்கிய இக்கணக்கே அவருடைய வாழ்நாள் ஆய்வாக மலர்ந்தது.

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹால்டேன் கணிதமும், பின்னர்ச் செவ்வியல் இலக்கியமும் மெய்யியலும் கற்று முதல் வகுப்பில் தேறினார். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த உயிரியலாளருள் ஒருவரான அவர் அறிவியலில் எப்பட்டமும் பெற்றவர் அல்லர் என்பது வியப்பிற்குரியது.

போரும் இந்தியாவும்

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஹால்டேன் படையில் சேர்ந்து பிரான்சிலும் மெசபடோமியாவிலும் போரிட்டார். 1915இல் செருமானியப் படை குளோரின் வாயுவைப் பயன்படுத்தியபோது, முகமூடிகளின் திறனை அறியத் தந்தையும் மகனும் அவ்வாயுவைத் தம் உடலிலேயே சோதித்தனர். அதே ஆண்டில், எலிகளின் மரபுப்பண்புகள் குறித்து நண்பர் ஸ்பிரண்டுடனும் தங்கை நவோமியுடனும் இணைந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அந்நண்பர் போர்க்களத்தில் உயிரிழந்தார்.

மெசபடோமியாவில் காயமுற்ற ஹால்டேன் 1917இல் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார். உடல்நலம் தேறும்வரை இங்குத் தங்கினார். ஆளும் இனத்தைச் சேர்ந்தவராக அன்றி, இம்மக்களோடு சமமாகப் பழகக்கூடியவராகவே மீண்டும் இங்கு வரவேண்டும் என்னும் எண்ணம் அப்போது அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வெண்ணம் நிறைவேற நாற்பது ஆண்டுகள் ஆயின.

இயற்கைத் தேர்விற்குக் கணக்கு

போருக்குப்பின் ஆக்சுபோர்டிலும், 1923 முதல் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் ஹால்டேன் பணியாற்றினார். சூழலுக்குப் பொருந்தும் உயிரினம் நிலைக்கும், பொருந்தாதது குறையும் என்பது டார்வின் கண்ட இயற்கைத் தேர்வு. அது எவ்வளவு விரைவில் நிகழும் என்பதை அளந்து சொல்ல அப்போது வழியில்லை. ஹால்டேன் 1924 முதல் எழுதிய தொடர் கட்டுரைகளில் அதனைக் கணிதச் சமன்பாடுகளாக வடித்தார்.

ஆலைப்புகையால் மரங்கள் கருத்த மான்செஸ்டர் நகரில், வெளிர்நிற அந்துப்பூச்சிகள் அருகிக் கருநிற அந்துப்பூச்சிகள் ஐம்பது ஆண்டுகளுக்குள் பெருகின. அவ்வளவு விரைவில் அம்மாற்றம் நிகழவேண்டுமெனில், கருநிறப் பூச்சி வெளிர்நிறப் பூச்சியைப்போல ஒன்றரை மடங்கு வழித்தோன்றல்களை விட்டுச்செல்லவேண்டும் என அவர் கணக்கிட்டார். இவ்வளவு வலிமையான தேர்வு இயற்கையில் நிகழும் என்பதை அன்று பலர் நம்பவில்லை. பிற்காலக் கள ஆய்வுகள் அவர் கணக்கு மிகையன்று எனக் காட்டின. பிஷர், சீவல் ரைட் ஆகியோருடன் ஹால்டேனும் கணக்குவழி மரபியலின் மூலவர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

நாசி ஆட்சியில் இனவெறிக்கு மரபியல் துணைக்கு அழைக்கப்பட்டபோது, அதனை ஹால்டேன் எழுத்தாலும் பேச்சாலும் எதிர்த்தார். உயர்ந்த குருதி, தாழ்ந்த குருதி என்னும் பேச்சிற்கு அறிவியலில் இடமில்லை என விளக்கினார். செருமனியிலிருந்து தப்பி வந்த அறிஞர் பலர் இங்கிலாந்தில் ஆய்வைத் தொடர உதவினார். அவர்களுள் ஒருவரான எர்னஸ்ட் செயின் பின்னாளில் பென்சிலினை மருந்தாக்கிய குழுவில் இடம்பெற்று நோபல் பரிசு பெற்றார்.

நோய் செய்த தேர்வு

1949இல் இத்தாலிய அறிவியல் இதழொன்றில் ஹால்டேன் நோயும் பரிணாமமும் குறித்துச் சில பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். அதுவரை இயற்கைத் தேர்வு என்றால் பசி, குளிர், வேட்டை விலங்கு ஆகியவற்றையே அறிஞர் பெரிதும் எண்ணினர். ஹால்டேன் நோயை முன்னிறுத்தினார். அவர் கருத்தை மூன்று படிகளாகக் காணலாம்.

முதலாவது, நோயை எதிர்ப்பதற்குப் பெரிய உடல்மாற்றம் தேவையில்லை. பூனையிடமிருந்து தப்ப எலிக்கு விரைந்த கால், கூரிய செவி, அஞ்சும் இயல்பு எனப் பல மாறவேண்டும். ஒரு கிருமியைத் தடுக்கவோ உடலின் வேதிப்பொருள் ஒன்று சிறிது மாறினாலே போதும். கிருமி ஒட்டிக்கொள்ளும் புரதத்தின் வடிவம் மாறினால், பூட்டு மாறிய வீட்டின்முன் பழைய சாவியோடு நிற்பவனைப்போல அது வெளியே நின்றுவிடும். ஆதலால் நோய் எதிர்ப்புத்திறன் பரிணாமத்தில் எளிதாகவும் விரைவாகவும் தோன்றக்கூடும்.

இரண்டாவது, அவ்வெற்றி நிலையானதன்று. கிருமிகள் விரைந்து பெருகுபவை. ஓம்புயிரியின் ஒரு தலைமுறைக்குள் கிருமியின் தலைமுறைகள் பற்பல கடந்துவிடுகின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று புதிய பூட்டிற்கும் பொருந்தும் சாவியாக மாறிவிடுகிறது. துருநோயைத் தாங்கும் கோதுமை வகையை வேளாண் அறிஞர் உருவாக்கினால், சில ஆண்டுகளில் அதனையும் தாக்கும் புதிய துருப்பூஞ்சை தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது, இப்போராட்டத்தில் பலரைப்போல் இருப்பது இடர், வேறுபட்டிருப்பது காப்பு. பெரும்பான்மையாக உள்ள வகையைத் தாக்கவே கிருமி பழகுகிறது. அரிதான வகை அதன் கண்ணில் படாமல் தப்பிப் பெருகுகிறது. அது பெருகியபின் கிருமி அதனைத் தேடிவரும். அப்போது வேறோர் அரிய வகை தப்பும். ஓரினத்திற்குள் வேற்றுமை அழியாமல் இருப்பதற்கு நோயே ஒரு காரணம் என்பது ஹால்டேனின் துணிபு.

தெரிந்து தெளிவோம்

*ஓம்புயிரி* – கிருமிக்கோ ஒட்டுண்ணிக்கோ இடமளித்து உணவாகும் உயிர்.

*எதிர்ப்புத்திறன்* – கிருமியை உடலில் புகாமலோ பெருகாமலோ தடுக்கும் ஆற்றல்.

*தாங்குதிறன்* – கிருமி உடலில் இருந்தும் பெருந்தீங்கு நேராமல் வாழும் ஆற்றல்.

ஓம்புயிரியும் கிருமியும் ஓயாது மாறிக்கொண்டே இருப்பதை 1973இல் லீ வான் வேலன் என்னும் அறிஞர் சிவப்பு அரசி கருதுகோள் என்று பெயரிட்டு விளக்கினார். இருந்த இடத்திலேயே இருப்பதற்கும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய கதைப்பாத்திரம் அந்த அரசி.

குருதியில் எழுதிய சான்று

இக்கருத்திற்குச் சான்று மனிதக் குருதியிலேயே கிடைத்தது. மத்தியதரைக் கடல் நாட்டு மக்களிடையே தலசீமியா என்னும் மரபுவழி இரத்தச்சோகை மிகுதியாகக் காணப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதற்குரிய மரபணுவைப் பெறும் குழந்தை, மருத்துவம் வளராத அக்காலத்தில் இளமையிலேயே இறந்தது. இவ்வாறு உயிரைப் பறிக்கும் மரபணு தலைமுறைதோறும் குறைந்து மறைந்திருக்கவேண்டும். அஃது ஏன் மறையவில்லை? அம்மரபணு மீண்டும் மீண்டும் புதிதாகத் தோன்றுகிறது எனச் சிலர் கூறினர்.

1948இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மரபியல் மாநாட்டில் ஹால்டேன் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். தலசீமியா மிகுந்துள்ள பகுதிகள் மலேரியா மிகுந்த பகுதிகள் என்பதை அவர் கருதிப்பார்த்தார். இரு மரபணுக்களைப் பெற்ற குழந்தை இறக்கிறது. ஒன்றை மட்டும் பெற்றவரோ மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கப்படுகிறார். அவ்வாறு காக்கப்பட்டவர்கள் பலராக இருப்பதால், அம்மரபணு அவர்கள் வழியே நிலைத்துவிடுகிறது. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் சிலரும் இத்தகைய தொடர்பை ஐயுற்றதுண்டு. அதனைத் தேர்வின் கணக்காக விளக்கியது ஹால்டேனின் சிறப்பு.

ஆறு ஆண்டுகளில் சான்று வந்தது. 1954இல் அந்தோணி அல்லிசன் என்னும் மருத்துவ அறிஞர், கிழக்கு ஆப்பிரிக்காவில் கதிர் அரிவாள் இரத்தச்சோகை குறித்து ஆராய்ந்தார். இந்நோயில் ஹீமோகுளோபினின் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கும். அதனால், உயிர்வளி குறையும்போது சிவப்பணு வட்டவடிவம் இழந்து அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழல்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்குகின்றன. இம்மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாக வாழ்கிறார். மலேரியா ஒட்டுண்ணியாகிய பிளாஸ்மோடியம் அவருடைய சிவப்பணுவுக்குள் செழித்து வளர இயலுவதில்லை. ஒட்டுண்ணி புகுந்த அணு எளிதில் வளைந்து மண்ணீரலால் அகற்றப்படுகிறது. மலேரியா மிகுந்த பகுதிகளில் இம்மரபணு மிகுந்தும், குறைந்த பகுதிகளில் குறைந்தும் இருப்பதை அல்லிசன் காட்டினார்.

ஆனால் இக்காப்பிற்கு விலை உண்டு. அம்மரபணு ஒவ்வொன்றைச் சுமக்கும் ஆணும் பெண்ணும் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வருகிறது; நான்கில் இரு பங்கு வாய்ப்பில் காப்பு கிடைக்கிறது; எஞ்சிய ஒரு பங்கில் இரண்டும் இல்லை. பெற்றோர் பெற்ற காப்பின் விலையைப் பிள்ளைகளுள் ஒருவர் செலுத்துகிறார். இயற்கைத் தேர்வு அறமும் அறியாது, இரக்கமும் அறியாது. அவ்விரண்டையும் அறிந்த மனிதனே மருத்துவத்தால் அக்கணக்கைத் திருத்தவேண்டும்.

நீலகிரியும் நம் கடமையும்

இச்செய்தி தொலைநாட்டுக் கதையன்று. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவர் 1952இல் தென்னிந்தியாவில் கதிர் அரிவாள் மரபணு இருப்பதை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களை. மலேரியா நெடுங்காலம் வாட்டிய காடுகளில் வாழ்ந்த மக்களின் உடலில், முன்னோர் அந்நோயோடு பொருதிய வரலாறு பதிந்திருந்தது. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் இந்தியாவில் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர், எட்டு இலட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அப்போரின் கடுமையை இவ்வெண்களால் உணரலாம்.

எனவே, அம்மரபணுவைச் சுமப்பவரைக் குறையுடையவர் எனக் கருதுவது அறியாமை. அது குலத்தின் குற்றமன்று. முன்னோரைக் காத்த கவசத்தின் மறுபக்கம். மலேரியா குறைந்த இக்காலத்தில் கவசத்தின் பயன் குறைந்து, அதன் சுமை மட்டும் எஞ்சியிருக்கிறது. அச்சுமையை நீக்க, 2047ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் தேசிய இயக்கம் ஒன்று 2023இல் தொடங்கப்பட்டது. பழங்குடி மக்களின் ஊர்களில் குருதிச் சோதனையும் அறிவுரையும் வழங்குவது அதன் பணி.

இந்தியக் குடிமகன்

1957இல் ஹால்டேன் தம் மனைவியும் உயிரியல் அறிஞருமான ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்தார். சூயஸ் கால்வாய் குறித்து எகிப்தின்மீது பிரிட்டன் படையெடுத்ததை அவரால் ஏற்க இயலவில்லை. மகலனோபிஸ் அழைப்பை ஏற்றுக் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பருத்தி ஆடை உடுத்தினார். புலால் உண்பதைத் தவிர்த்தார். இந்தியத் தத்துவ நூல்களைப் பயின்றார். 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

விலைமிக்க கருவி இல்லையே என வருந்திய இளைஞரிடம், கண்ணும் குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் ஆய்வு செய்யலாம் என்பதை அவர் செயலால் காட்டினார். அவருடைய மாணவர் ஒருவர் பூக்களின் இதழ்களை நாள்தோறும் எண்ணினார். இரு நெல்வகைகளைக் கலந்து பயிரிட்டால் விளைச்சல் எவ்வாறு மாறும் என்பதையும் அவரே ஆராய்ந்தார். மற்றொருவர் எந்நிறப் பூவை எவ்வண்ணத்துப்பூச்சி நாடுகிறது எனக் குறித்தார். தென்னையை ஆராய்ந்த டி. ஏ. டேவிஸ், ஓலைகள் வலமாகவும் இடமாகவும் சுற்றி அமைவதை எண்ணி, மரங்களின் விளைச்சலோடு ஒப்பிட்டார். எங்கு நோக்கினும் ஓரினத்திற்குள் காணும் வேற்றுமையே அவர்கள் ஆய்வின் பொருள். நோயை வெல்லும் முதல் வேற்றுமைதானே!

தாம் ஆசிரியராக இருந்த மரபியல் ஆய்விதழையும் ஹால்டேன் இந்தியாவிற்கே கொண்டுவந்தார். அவ்விதழ் இன்றும் பெங்களூரிலிருந்து இந்திய அறிவியல் அகாதெமியால் வெளியிடப்படுகிறது. கருத்து வேறுபாட்டால் கொல்கத்தா நிறுவனத்தைவிட்டு விலகிய அவர், 1962இல் புவனேசுவரம் சென்றார். ஒடிசா அரசின் ஆதரவுடன் அங்கு மரபியல் ஆய்வகம் ஒன்றை அமைத்தார்.

தம்மையே ஆய்வுப்பொருளாக்கியவர்

தந்தையிடம் கற்றதை ஹால்டேன் இறுதிவரை கைவிடவில்லை. தம் குருதியின் அமிலத்தன்மையை அறிய வேதிப்பொருள்களை உட்கொண்டார். 1939இல் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, ஆழ்கடல் அழுத்தத்தில் மனிதன் எவ்வாறு தப்பலாம் என்பதை அறிய அழுத்தக்கூண்டில் தாமே அமர்ந்தார். அவ்வாய்வுகளால் செவிப்பறை கிழிந்தது, முதுகெலும்பும் தீங்குற்றது.

அவர் உடலைப் புற்றுநோய் பற்றியபோதும் மனம் தளரவில்லை. நோயை மறைக்காமல் உடனே மருத்துவரை நாடவேண்டும் என்பதை மக்களுக்கு உணர்த்த, தம் நோயைப் பற்றியே நகைச்சுவைக் கவிதை ஒன்றை எழுதி வெளியிட்டார். 1964 டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படி, உடல் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயில்வதற்காக அளிக்கப்பட்டது. நோயை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர், இறந்தபின்னும் மருத்துவம் கற்போர்க்குப் பாடமானார்.

மீண்டும் பழவேற்காடு

காக்கிநாடா அமைந்துள்ள அதே கிழக்குக் கடற்கரையின் தெற்கே, பழவேற்காட்டில் நாம் விட்டுவந்த வினாவிற்கு இப்போது விடை காணலாம்.

பண்ணைக் குளத்தில் வளரும் இறால்கள் பெரும்பாலும் சில தாய் இறால்களின் வழிவந்தவை. ஆதலால் ஒன்றையொன்று ஒத்தவை. ஒன்றில் நுழையும் சாவி அனைத்திலும் நுழைகிறது. நோயில் தப்பிய இறால் அங்கு இனம்பெருக்குவதும் இல்லை. எஞ்சியதை அறுவடை செய்துவிட்டு, அடுத்த பருவத்திற்குப் பொரிப்பகத்தில் புதிய குஞ்சுகளை வாங்குகின்றனர். தப்பியதன் மரபணு அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி அங்கு அடைபட்டுவிடுகிறது. வைரசு மட்டும் தலைமுறைகளைக் கடந்து மாறிக்கொண்டே இருக்கிறது. போரில் ஒருவன் மட்டும் பயிற்சி பெற, மற்றவன் ஒவ்வொருமுறையும் புதியவனாகவே களம் புகுவது போன்றது இது.

ஏரியில் நிலை வேறு. முகத்துவாரம் திறந்திருக்கும்வரை, கடலின் பல பகுதிகளில் பிறந்த குஞ்சுகள் உள்ளே வருகின்றன. அவற்றுள் வேற்றுமை மிகுதி. நோய்க்கு ஆட்படுபவை மடிகின்றன. தாங்குபவை வளர்ந்து கடலுக்குத் திரும்பி இனம்பெருக்குகின்றன. நண்டு பல நாள் வைரசைத் தாங்கி வாழ்வதும் இவ்வகைத் தாங்குதிறனே.

2009 முதல் இந்தியப் பண்ணைகளில் வனாமி இறால் பரவியது. அதன் தாய் இறால்கள் குறிப்பிட்ட கிருமிகள் இல்லாதவை எனச் சோதித்துக் கொணரப்படுகின்றன. கிருமி இல்லாமை வேறு. கிருமியை எதிர்க்கும் திறன் வேறு. தூய குஞ்சும் வைரசு உள்ள நீரில் விடப்பட்டால் நோயுறும். நம்மைப்போல எதிர்ப்பொருள்களை உருவாக்கி நினைவில் வைக்கும் அமைப்பு இறாலுக்கு இல்லாமையால், ஆடுமாடுகளுக்குப்போல் தடுப்பூசி இடுவதும் இயலாது. தப்பியவற்றைத் தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து வளர்த்ததால், டாரா என்னும் மற்றொரு வைரசு நோயை எதிர்க்கும் வனாமி வகைகள் உருவாயின. வெண்புள்ளி நோயிலோ அவ்வழி எளிதில் கைகூடவில்லை. ஓரிடத்து வெற்றி எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்பதையும் நாம் உணரவேண்டும்.

முகத்துவாரத்தை மணல் மூடாமல் காக்கவேண்டும் என்று பழவேற்காட்டு மீனவர் வேண்டுவது வலைக்கு மீன் வருவதற்காக மட்டுமன்று எனலாம். அவர்கள் அறிந்தோ அறியாமலோ, ஏரியின் வேற்றுமைக்கும் அதனால் வரும் எதிர்ப்புத்திறனுக்கும் வாயில் திறந்து வைக்கவே வேண்டுகின்றனர். ஒத்த உருவம் விரைந்து பொருள் ஈட்டித் தரலாம். நோய் வரும் நாளில் ஓரினத்தை நிலைநிறுத்துவது வேற்றுமையே. அவ்வேற்றுமையில் உயர்வு தாழ்வு கற்பிக்காமல் அதனைச் செல்வமாகப் பேணுவதே ஹால்டேனின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நோயைத் தாங்கி வளர்வதாக உழவர் கூறும் மரபுநெல் அல்லது நாட்டுக் கோழி வகை குறித்துச் செய்தி திரட்டிக் கட்டுரை எழுதுக.

2. கிருமி இல்லாமை, எதிர்ப்புத்திறன், தாங்குதிறன் ஆகியவற்றின் வேறுபாட்டைப் பாடப்பகுதியிலிருந்து எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

3. மரபுவழி நோயுள்ளவரைச் சமூகம் நடத்தவேண்டிய முறை குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.